நிறுத்தச் சொல்லாத பத்தியம்

1

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கைக்கிளி ஆக்லாந்து விமான நிலையத்தில் பிடிபட்டது.

கலா அக்கா வர வேண்டிய விமானம் இறங்கி வெகுநேரமாகிவிட்டது. அதில் வந்தவர்கள் தத்தம் ஆட்களைக் கட்டிப்பிடித்து, அழுது, பெட்டி தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி ஆளாக அக்கா வந்தாள். சேலை மேல் கம்பளிச் சட்டை, கால்களில் புது ஷூ, முகத்தில் கொதிப்பு. பல வருடம் கழித்துப் பார்க்கும் தங்கச்சியிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை:

"ஏட்டி விஜயா, உங்க ஊருல சாமியக் குப்பைத் தொட்டியிலயா போடுவாக?"

நடந்தது இதுதான். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுவார்கள். பச்சை இலைகளால் உடம்பு, மாதுளம்பூவால் மூக்கு, கட்டுவதற்கு நார். வேண்டிக்கொண்டு முன்கூட்டிச் சொல்லிவைத்தவர்களுக்கு அது பிரசாதமாகக் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒன்றைக் கைப்பையில் துண்டு சுற்றி வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறாள். இறங்கும் முன் நிரப்பச் சொன்ன தாளில் இலை, பூ, விதை ஏதும் உண்டா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று குறித்திருக்கிறாள்.

"பிரசாதத்தப் போயி யாராச்சும் இலைன்னு சொல்லுவாகளா?"

"திட்டினாங்களா அக்கா?"

"பையச் சோதிச்ச அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லக் கூடாது. கையுறை மாட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் ஏந்தித்தான் வாங்குனா. ஆண்டாளுன்னேன். தலைய ஆட்டுனா. பொறவு தொட்டிய மிதிச்சுத் தொறந்து உள்ள போட்டுட்டா. இனிமே இப்படிச் செய்யாதீகன்னு மட்டும் சொல்லி விட்டுட்டாக."

"யாருக்குக் கொண்டாந்த?"

"உனக்குத்தான். அம்மா சொல்லி வச்சுட்டுப் போயிருந்தா. இப்பத்தான் நம்ம முறை வந்துச்சு."

அம்மா இறந்து ஒரு வருடம். முதல் தெவசம் முடித்துவிட்டுத்தான் அக்கா கிளம்பி வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் தள்ளிப்போகும் பெண்களுக்காகத்தான் ஆண்டாளிடம் கிளியும் மாலையும் வேண்டி வாங்குவார்கள். ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் மகளுக்குமா? செத்த பிறகுமா அம்மா? என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டடி பின்னால் ஹெலன் நின்றிருந்தாள். "இது ஹெலன்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க நாக்கு எழவில்லை. அக்கா கும்பிட்டாள். இவள் யார், உனக்கு என்ன வேண்டும், ஏன் நம்மோடு காரில் வருகிறாள் என்று கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.

2

ஊரிலிருந்து ஆள் வருகிறது என்றால் எங்கள் வீட்டில் ஒரு வேலை உண்டு. 'ஒதுக்குவது' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். சுவரில் நாங்கள் இருவரும் கடற்கரையில் நிற்கும் படம் இறங்கும். குளியலறையில் ஒரு பல்துலக்கி மறையும். அலமாரியில் ஹெலனின் சட்டைகள் இன்னோர் அறைக்கு இடம் மாறும். ஒருமுறை தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்து எங்களோடு தங்கியபோது, ஹெலனே இடம் மாறினாள். தோழி வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு அவர் போன பிறகு வந்தாள். வந்தவள் முன்பு போனவளாக இல்லை. செடி வளர்த்து விற்கும் பண்ணையில் வேலை பார்ப்பவள். வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தாள். பேச்சு குறைந்தது. மாத்திரை கூடியது. இளம் வயதில் ஒரு முறை உடைந்து, பிழைத்து, தன்னைத் தானே ஒட்டவைத்துக்கொண்ட பெண் அவள். நான் அவளை மறுபடி தட்டிப் பார்த்துவிட்டேன்.

அக்கா வரப்போவது உறுதியான அன்று நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பதை ஹெலன் பார்த்தாள்.

"இந்த முறை நான் போகமாட்டேன், விஜி. படமும் போகாது. உன் அக்காவிடம் நீ எதையும் சொல்ல வேண்டாம். ஆனால் நான் இல்லாதது போல் இந்த வீட்டில் இருக்க எனக்கு இனிமேல் தெம்பு இல்லை. அப்படி இருக்கத்தான் வேண்டும் என்றால் போய்விடுவேன், ஆனால் திரும்பி வரமாட்டேன்."

சத்தம் இல்லை, அழுகை இல்லை. நாற்றை இடம் மாற்றி நடும்போது, இதற்கு மேல் வேர் தாங்காது என்று சொல்வாளே, அந்தக் குரல்.

படம் சுவரில் இருந்தது. அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் அதன் எதிரில் நின்று பார்த்தாள். "கடலு நல்லாருக்கு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

3

வெளிநாடு என்பது கேள்வி கேட்கும் தேசம். ஊரில் இருப்பவர்கள் இதை நம்பமாட்டீர்கள். 'நமக்குத்தான் அடுத்தவன் வீட்டு உலையில் என்ன வேகுதென்று தெரியாவிட்டால் தூக்கம் வராதே, வெள்ளைக்காரன் நாகரிகம் தெரிந்தவன்' என்பீர்கள். வந்து பாருங்கள். இங்கே தாள் கேட்கும். மருத்துவமனையில், வங்கியில், வேலையில், பல் பிடுங்கும் இடத்தில்கூட. உங்களோடு வாழ்பவர் யார்? அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்? நீங்கள் விரும்புவது ஆணையா, பெண்ணையா, இருவரையுமா? கடைசியில் ஒரு கட்டம்: சொல்ல விருப்பமில்லை. அந்தக் கட்டத்துக்குள்தான் நான் வெகுகாலம் குடியிருந்தேன். வாடகை இல்லை, ஜன்னலும் இல்லை.

முதன்முதலில் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசைப் பெண்தான் என்னை அதிலிருந்து வெளியே இழுத்தாள். "ஒவ்வாமை ஏதும் உண்டா? துணை உண்டா, ஆணா பெண்ணா?" என்று ஒரே மூச்சில், ஒரே குரலில் கேட்டாள். இறாலுக்கும் என் வாழ்க்கைக்கும் ஒரே எடை. "இறால் ஆகாது, பெண்" என்றேன். அவள் தட்டச்சு செய்தாள். கூரை இடிந்து விழவில்லை. வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அப்படி அழுதேன்.

அங்கிருந்த மருத்துவர்தான் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அனுப்பினார். நூலகத்தின் பின்னறை, பெண்கள் மட்டும், பெண்களை விரும்புபவர்கள், இருபாலரையும் விரும்புபவர்கள், இன்னும் பெயர் வைக்காதவர்கள். தேநீர் மோசம், பிஸ்கட் நன்றாயிருக்கும். அங்கே நான் கற்றது, காயம் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை என்பது. ஆண் ஒருவனைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு, பிறகு ஒரு பெண்ணிடம் மனம் போன ஒருத்தி இருந்தாள். பிஜித் தீவு இந்தியப் பெண்; பெயர் சரோஜ். "ரெண்டு பக்கமும் என்னை நிரூபிக்கச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டே என்னைக் காலி செய்துவிட்டார்கள்" என்றாள். அவளுடைய பையன் இப்போது போனில் ஒற்றைச் சொல்லில்தான் பேசுகிறானாம்.

என் முறை வந்தபோது, "என்னை யாரும் கேட்கவே இல்லை" என்றேன். "அதுதான் என் நோய்."

சரோஜ் பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்திப் பார்த்தாள். "எங்களுக்குக் கொஞ்சம் கடன் கொடு அந்த நோயை" என்றாள். அறையே சிரித்தது. நானும்.

4

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. பக்கத்து மேசையில் எஸ்தர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிறவள். திங்கட்கிழமை வரை அந்தப் பாட்டு அவள் தொண்டையில் மிச்சமிருக்கும். வெளுத்த துணி வெயிலில் வரிசை வரிசையாகக் காயும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அந்த வெள்ளைச் சந்துகளுக்குள் நடப்போம். காற்று துணியைத் தூக்கினால் சஞ்சீவி மலை தெரியும். இறக்கினால் நாங்கள் இருவர் மட்டும். நாங்கள் எதற்கும் பெயர் வைக்கவில்லை. பெயர் எங்களிடம் இருக்கவில்லை.

அவளை ஆலங்குளத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. நல்ல மனிதர், இன்றும் அப்படித்தான் கேள்வி. பத்திரிகை வைக்க வந்த எஸ்தரின் அம்மா, "நீதான் பொண்ணுக்குத் தோழி" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்று சாகப் பார்த்தேன். அதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. காப்பாற்றியது கலா அக்கா.

மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். என்னிடம் அவர் அதிகம் பேசவில்லை. என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அம்மா, அப்பா, அக்கா மூவரையும் உள்ளே அழைத்துப் பேசினார். கதவு சாத்தியிருந்தது. அவர்கள் வெளியே வந்தபோது மூன்று பேரின் முகமும் மாறியிருந்தது. அன்றிலிருந்து என் வீடு ஊமையானது.

ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. யாருக்காக என்று கேட்கவில்லை. கல்யாணப் பேச்சே எழவில்லை. அம்மா கேட்பது இரண்டே இரண்டு: "சாப்பிட்டியா? தூங்குனியா?" நான் படித்தேன், வேலை தேடினேன், கடல் கடந்தேன். போனிலும் அதேதான். "சாப்பிட்டேன்மா. தூங்கினேன்மா." விடுமுறைக்கு ஊருக்குப் போனால், சொந்தத்தில் நடக்கும் கல்யாணம் எதற்கும் என்னை அழைத்துப் போகமாட்டாள். தேவதானத்தில் மாமா மகள் கல்யாணம் நடந்த அன்று நான் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நீ வேண்டாம், வெயிலு" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறினாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா ஒருமுறை வாசலில் என்னை நிறுத்தி, "பெள்ளி எப்புடும்மா, கல்யாணம் எப்போ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "அவகிட்ட அந்தப் பேச்சு எடுக்கதா இருந்தா இந்த வாசல மிதிக்காதீக" என்றாள். அந்த அம்மா அப்புறம் பல காலம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவமானம் என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் பற்றிப் பேச்சு வந்தால்கூட வீடு அழுக்காகிவிடும் என்று அம்மா நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணத்தோடு தினமும் படுத்தேன். தூக்கம் எங்கிருந்து வரும்?

5

அக்கா வந்த பிறகு ஒரு காலை. மழை விட்டு, வெயில் வந்து, மறுபடி மழை வருவதற்கு இடையில் ஆக்லாந்து கொடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், அக்காவும் நானும் பின்புறக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஹெலன் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா கூடையிலிருந்து ஹெலனின் சட்டையை எடுத்தாள், உதறினாள், கிளிப் போட்டாள். அடுத்தது என்னுடையது. அடுத்தது மறுபடி அவளுடையது. ஒரே படுக்கையின் விரிப்பு. எல்லாவற்றையும் உதறினாள், போட்டாள். ஒரு முகமாற்றம் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை.

"கேக்கவே மாட்டியாக்கா? என் வீட்டுக்கு வந்து, என் அறையப் பாத்து, என் துணியக் காயப்போடுற. ஒரு வார்த்த கேக்கத் தோணலையா? அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன் உங்களுக்கு?"

அக்காவின் கையில் இருந்த கிளிப் கீழே விழுந்தது. பயந்துவிட்டாள். கோபமல்ல, பயம். என் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கொடிக்கம்பியைக்கூடப் பார்த்தாள். அன்று என்னைத் தூக்கியவள் அல்லவா.

"டாக்டரு கேக்கக் கூடாதுன்னுல்லட்டி சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு?"

"மதுரை டாக்டருதான். இவள எதுவும் கேக்காதீக, கல்யாணப் பேச்சு காதுல விழக் கூடாது, சாப்பிட்டாளா, தூங்குனாளா, அம்புட்டுதான் கேக்கணும், கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கட்டும்னாரு."

"கொஞ்ச நாளைக்குன்னுதானக்கா சொன்னாரு!"

"எம்புட்டு நாளுன்னு சொல்லலயே. மருந்துக்குப் பத்தியம்னா வைத்தியரு சொல்லுத வரைக்கும் விடக் கூடாதுல்ல? அம்மா அப்படித்தான் வச்சா. அந்தத் தெலுங்குக்காரம்மாகிட்ட எம்புட்டுப் பிரியமா இருந்தா, அதையே விட்டுட்டா. கல்யாண வீட்டுல நாலு பேரு நாலு கேள்வி கேப்பாகன்னுதான் உன்னக் கூட்டிட்டுப் போகல. பட்டுச்சேல கட்டி நின்னியாம்ல, தேவதானத்துக் கல்யாணத்துக்கு? பஸ்ஸுல பூராம் அழுதுக்கிட்டே போனா."

கொடி ஆடியது.

"யாராச்சும் ஒரு தடவ போயி அந்த டாக்டர்ட்ட கேட்டிருக்கலாமே?"

"அப்பா போனாருல்ல. நீ இங்க வந்த பொறவு. இனிமே பிள்ளைட்ட பேசலாமான்னு கேட்டுட்டு வாரேன்னு மதுரைக்குப் போனாரு. ஆஸ்பத்திரி இருந்த இடத்துல ஜவுளிக்கடை இருந்துச்சாம். டாக்டரு எங்க போனாருன்னு யாருக்கும் தெரியல. அம்மாவுக்கு ஒரு சேல எடுத்துட்டு வந்தாரு, பாவம்."

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. முதல் தூறல் விழுந்தது. துணியை யாரும் எடுக்கவில்லை.

"அம்மாவுக்கு ஹெலனைப் பத்தித் தெரியுமா?"

"வீடியோவுல உம் பின்னால மேசை தெரியும்லா. அதுல எப்பவும் ரெண்டு கப்பு இருக்கும். நீ ஆளத்தான் ஒளிச்ச, கப்ப ஒளிக்கல. 'யாரோ கூட இருக்காவட்டி, நல்லதுதான்'னா அம்மா. அது ஆருன்னு கேட்டுரட்டுமான்னு போன எடுக்கயில எல்லாம் எங்கிட்டக் கேப்பா. நாந்தான் கேக்க விடல. கேக்கப் போயி, நீ அங்கன தனியா இருந்து... மறுபடி எதுவும்..." அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் விட்டிருக்கணும், விஜயா. கடைசியா படுக்கையில கெடக்கும் போதும் கேட்டா. இப்பமாவது கேக்கட்டுமான்னா. போன எடுத்துக் கையில குடுக்காம, தூங்கும்மான்னுட்டேன்."

கீழே கிடந்த கிளிப்பை எடுத்துக்கொண்டு கேட்டேன். "கிளி? எனக்குக் கல்யாணம் ஆகணும்னா?"

"உனக்குத் தூக்கம் வரணும்னு. அவளுக்கு வேற என்ன கேக்கத் தெரியும்? கேக்கலாம்னு இருந்தது அது ரெண்டுதான். சாப்பாட நீயே பாத்துக்கிடுவ, தூக்கத்த ஆண்டாட்ட கேப்போம்னா."

6

இதை எழுதும்போது வருத்தத்துக்கு ஒரு குற்றவாளியைத் தேடுகிறேன். கிடைக்கவில்லை. அந்த மருத்துவர் சொன்னது அந்த மாதத்துக்குச் சரியான மருந்து. அம்மா அதை ஒரு நாளும் தவறாமல் கொடுத்தாள். அதிகமாகக் கொடுத்தாள், அவ்வளவுதான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, கேள்விகளால் காலியான சரோஜ் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

எங்களைப் போன்ற பெண்களின் மனநலம் என்று இங்கே கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நல்லதுதான். நான் சொல்வதற்கு ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெண் இருக்கலாம். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறவள், போனில் பதில் மட்டும் சொல்கிறவள். அவளை நோகடிக்கக் கூடாது என்று நீங்கள் காக்கும் மௌனத்தின் அந்தப் பக்கத்தில், அவள் அதை வேறு மாதிரி படித்துக்கொண்டிருக்கலாம். எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்று எனக்கும் தெரியாது. ஆனால் பத்தியம் என்றால் ஒரு நாள் முறிக்க வேண்டும். முறிக்கிற நாளில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிச் சோறு போடுவார்களே நம் ஊரில். எனக்கு அந்த நாள் வருவதற்குள் சோறு போட வேண்டியவள் போய்விட்டாள்.

கிளி கதையை ஹெலனிடம் சொன்னேன். பண்ணைக்காரி முதலில் அதிகாரியின் பக்கம் பேசினாள். ஓர் இலையின் அடியில் இருக்கும் பூச்சி போதும், ஒரு தோட்டமே போய்விடும் என்றாள். பிறகு எதற்கான கிளி என்று சொன்னதும் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள்.

7

அக்கா புறப்பட்ட நாள். அதே விமான நிலையம். பெட்டிகளை அனுப்பிவிட்டு மூவரும் காப்பி குடித்தோம். மேசை மேல் மூன்று கப். அக்கா அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

உள்ளே போகும் வரிசைக்கு முன்னால் என்னைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் கேட்பதற்கு எத்தனையோ இருந்தது அவளிடம். வந்த நாளிலிருந்து அவள் கண்ணில் அவை முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றையும் கேட்கவில்லை. கால் நூற்றாண்டுப் பழக்கம் ஒரு துவைப்பு நாளில் போய்விடுமா?

என்னை விட்டுவிட்டு ஹெலனிடம் போனாள். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஹெலனுக்குத் தமிழ் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தி, நிதானமாக, ஊர்த் தமிழில் கேட்டாள்:

"இவ சாப்பிடுதாளா? தூங்குதாளா?"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். ஹெலன் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அந்த இரண்டு சொற்களை அவள் அறிவாள். எத்தனை வருடங்கள், திரைக்கு வெளியே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அம்மா அவற்றைக் கேட்பதையும் நான் பதில் சொல்வதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பதில்களும் அவளுக்கு மனப்பாடம்.

"சாப்பிட்டேன்" என்றாள் முதலில். தன்மை, படர்க்கை எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். அக்கா தலையசைத்தாள்.

பிறகு ஹெலன் என்னை ஒரு முறை பார்த்தாள். அக்காவின் பக்கம் திரும்பி, மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

தூங்கவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு, ஒருபோதும் அவளுக்குக் கிடைக்காத பதில் அது. அதைச் சொல்லத் தெரிந்தவள் இத்தனை காலமும் போனுக்கு ஒரு கை தள்ளித்தான் இருந்தாள்.

அக்கா ஹெலனின் கைகளை விடவில்லை. வரிசை நகர்ந்தது, பின்னால் இருந்தவர்கள் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். "நீங்க பாத்துக்கிடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், "நீங்க பாத்துக்கிடுங்கம்மா, நீங்கதான் பக்கத்துல இருக்கீக."